வெளியிலை ஊதுறதோ, உள்ளை விடுறதோ?

லண்டனிலை எங்கடை ஆக்கள் கூட இருக்கிற றோட்டுகளிலை ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நடந்து போனால் ஒரு சத்தம் கேட்டிருப்பியள். ஒரு பெடியன் கியர் மாத்துவான், உடனை "ப்ஸ்ஸ்ஸ்" எண்டு பாரலொறி காத்து விட்ட மாதிரி ஒண்டு கேக்கும். வயது போன ஆக்கள் திடுக்கிட்டுத் திரும்பிப் பாப்பினம். சின்னப் பெடியள் வாயைப் பிளந்து கொண்டு நிப்பினம். ஓடுறவன் ஒண்டும் நடக்காத மாதிரி முன்னாலை பாத்துக்கொண்டு போவான்.

அந்தச் சத்தத்துக்குக் காரணமான சாமானுக்குப் பேர் டம்ப் வால்வு. இண்டைக்கு அதைப் பற்றித்தான் எழுதப் போறன். தோசைக்கல்லோடை நிக்கிறவனுக்கு ஏன் இந்த வேலை எண்டு நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கு. கொஞ்சம் பொறுங்கோ.

காரணம் என்ரை மருமகன். அக்காவின்ரை மகன், இஞ்சை பிறந்தவன், வயது 23. மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படிச்சுக்கொண்டு இருந்தவன் ரெண்டாம் வருசத்தோடை விட்டிட்டு இப்ப ஒரு கராஜிலை வேலை செய்யிறான். அக்கா கன நாள் ஒழுங்காச் சாப்பிடேல்லை. அத்தான் அவனோடை கதைக்கிறதை விட்டிட்டார். கடைசியிலை அக்கா எனக்கு ரெலிபோன் எடுத்து, "நீ தான் அவனோடை கதைக்க வேணும். நீயும் கம்பஸைப் பாதியிலை விட்டனி தானே, உனக்குத்தான் அதின்ரை வலி தெரியும்" எண்டா.

அதிலை ஒரு திருத்தம் இருக்கு. நான் விடேல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலை விஞ்ஞான பீடத்திலை பௌதிகம் படிச்சுக்கொண்டு இருந்தன். 2006 ஆவணியிலை ஏ9 பாதை பூட்டினது. பேந்து ஊரடங்கு, வெள்ளை வான், சூடு. என்னோடை படிச்ச ரெண்டு பேர் அடுத்தடுத்த மாதங்களிலை இல்லாமல் போச்சினம். வீட்டிலை இருந்த கொஞ்ச நகையை வித்து என்னைக் கப்பலிலை திருகோணமலைக்கு அனுப்பிவிட்டினம். 2007 இலை லண்டன். அண்டையிலை இருந்து இண்டை வரைக்கும் றெஸ்ரோறன்ற் குசினிதான். அதாலை 'பாதியிலை விட்டவன்' எண்டு ஆரும் சொன்னால் எனக்குக் கொஞ்சம் சுடும். எண்டாலும் அக்காவோடை வாதாட ஏலுமே? "சரி, திங்கக்கிழமை எனக்கு லீவு, அவனை வரச் சொல்லுங்கோ" எண்டன்.

வந்தான். வரேக்கையே கார் சந்தியிலை ரெண்டு தரம் நிண்டு போச்சாம்.

2004 ஆம் ஆண்டுக் கார். 1.8 லீற்றர் ரேர்போ எஞ்சின், ஒரு சிலிண்டருக்கு அஞ்சு வால்வு. முந்தி வைச்சிருந்தவன் கொம்பியூட்டர் புரோகிறாமை மாத்திப் பூஸ்றை 1.5 பாருக்கு ஏத்திப்போட்டு வித்திருக்கிறான். மருமகன் வாங்கின நேரம் பூஸ்ற் 0.9 க்கு மேலை ஏறேல்லையாம். கழட்டிப் பாத்தால், உள்ளை இருந்தது பேர் ஊர் இல்லாத ஒரு கொப்பி வால்வு, அதின்ரை றப்பர் கிழிஞ்சு கிடக்குது. உடனை ஒன்லைனிலை மலிவாய், வெளியிலை காத்து விடுற வால்வு ஒண்டை வாங்கிப் பூட்டியிருக்கிறான். பூஸ்ற் ஏறிச்சுது. ஆனால் கியர் மாத்தேக்கை பின்னாலை கறுப்புப் புகை, பிறேக் பிடிச்சு நிப்பாட்டேக்கை எஞ்சினும் சேந்து நிக்குது.

"மாமா, சத்தம் மட்டும் சோக்காய் இருக்கு" எண்டான்.

படிப்பைப் பற்றிக் கதைக்க வந்த இடத்திலை நாங்கள் வால்வைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினம். மூண்டு திங்கக்கிழமை கதைச்சம்.

சரி, விசயத்துக்கு வருவம். ரேர்போ எண்டுறது ஒரு அச்சிலை ரெண்டு பக்கமும் பூட்டின ரெண்டு சில்லு. ஒரு பக்கச் சில்லை எஞ்சினின்ரை புகை தள்ளிச் சுத்தும், மற்றப் பக்கச் சில்லு வெளிக் காத்தை இழுத்து நெருக்கி எஞ்சினுக்குள்ளை தள்ளும். முழு வேகத்திலை நிமிசத்துக்கு ஒரு லட்சம் சுத்துக்கு மேலை போகும். பூஸ்ற் 1.5 பார் எண்டால், வெளியிலை இருக்கிற வளிமண்டல அமுக்கத்துக்கு மேலாலை இன்னும் ஒண்டரை மடங்கு. பி.எஸ்.ஐ கணக்கிலை கிட்டத்தட்ட 22.

இப்ப நீங்கள் கியர் மாத்தக் காலை எடுக்கிறியள். எஞ்சின் வாசலிலை இருக்கிற காத்துக் கதவு பட்டெண்டு சாத்துது. ரேர்போவுக்கு அது தெரியாது, அது தன்ரை பாட்டிலை சுத்திக் காத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். குழாய்க்குள்ளை நெருக்கின காத்துக்குப் போக வழியில்லை. பேந்து அது வந்த வழியாலையே திரும்பிச் சில்லிலை மோதும். "ஸ்து து து து" எண்டு ஒரு படபடப்புச் சத்தம் வரும். சில்லின்ரை வேகம் விழும், அச்சின்ரை பேரிங்குக்கு அடி விழும். பூஸ்ற் கூடக் கூட அடியும் கூடும். கொம்பனி விட்ட பூஸ்றிலை பரவாயில்லாமல் தப்பின பிழை 1.5 பாரிலை தப்பாது.

அதுக்குத்தான் இந்த வால்வு. ரேர்போவுக்கும் காத்துக் கதவுக்கும் இடையிலை இருக்கும். கதவு சாத்தின உடனை திறந்து நெருக்கின காத்தை விட்டிடும். எங்கை விடுறது எண்டுறதுதான் கேள்வி. வெளியிலை விட்டால் சத்தம். ரேர்போவின்ரை உள்வாய்க்கே திருப்பி விட்டால் சத்தம் குறைவு, அதோடை சில்லும் தன்ரை வேகத்தைக் கொஞ்சம் காப்பாத்தும்.

மருமகனின்ரை கார் நிண்டு போறதுக்குக் காரணம் இதிலைதான் இருக்கு. அந்தக் காரிலை காத்து வடிக்குப் பிறகு ஒரு சென்சர் இருக்குது. உள்ளை போற காத்து இவ்வளவு கிறாம் எண்டு அது எண்ணிக் கொம்பியூட்டருக்குச் சொல்லும். கொம்பியூட்டர் அந்தக் கணக்குக்குப் பெற்றோலை விடும். சாதாரண ஓட்டத்துக்கு 14.7 கிறாம் காத்துக்கு 1 கிறாம் பெற்றோல். நீங்கள் எண்ணி முடிச்ச காத்தை "ப்ஸ்ஸ்" எண்டு றோட்டுக்கு விட்டால், இல்லாத காத்துக்கும் பெற்றோல் வரும். அதுதான் கறுப்புப் புகை. அதுதான் சந்தியிலை நிக்கிறது. நாள் போகப் போக பிளக் கரி பிடிக்கும், எரியாத பெற்றோல் புகைக்குழாய்க்குள்ளை போய் எரிஞ்சு கற்றலிற்றிக் கொன்வேட்டரையும் சூடாக்கிக் கெடுக்கும்.

எல்லாக் காரும் இப்பிடியில்லை. சில கார்கள் காத்தை எண்ணிறதில்லை, எஞ்சின் வாசலிலை இருக்கிற அமுக்கத்தையும் வெப்பத்தையும் பாத்துக் கணக்குப் போடும். பழைய போர்ட் சியறா கொஸ்வேர்த் அந்த வகை. அதுகளிலை வெளியிலை விட்டாலும் பெற்றோல் கணக்குப் பிழைக்காது. சுபாறு இம்பிறேசா ரேர்போ போல எண்ணிற சென்சர் இருக்கிற கார்களுக்குக் கொம்பனியே உள்ளை திருப்பி விடுற வால்வைத்தான் பூட்டி விட்டது. அதாலை வால்வு வாங்க முதல் கேக்க வேண்டிய முதல் கேள்வி, உங்கடை கார் காத்தை எண்ணுதோ இல்லையோ எண்டது. அரைவாசி வெளியிலை, அரைவாசி உள்ளை எண்டு விடுற வால்வுகளும் விக்கினம். எண்ணின காத்திலை அரைவாசி போனாலும் கணக்குப் பிழைதான்.

டீசல் காருக்கும் சத்தத்துக்கெண்டு கரண்ட் வால்வு பூட்டுறவை இருக்கினம். டீசலிலை காலை எடுத்தால் குறையிறது எண்ணெய் தான், காத்துக் கதவு பெற்றோல் கார் மாதிரி வழியை அடைக்கிறதில்லை. நெருக்கம் அடைபடாத இடத்திலை திறக்க என்ன இருக்கு? குக்கர் விசில் அடிக்கிறதாலை பருப்பு கெதியா அவியிறதில்லை :)

நிற்க.

கறுப்புப் புகையைக் கண்ட உடனை எனக்கு எங்கடை ஊர் ஞாபகம் வந்தது. 1990 களின்ரை முன்பாதியிலை பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை. யாழ்ப்பாணத்திலை இருந்த ஏ நாற்பதுகளும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயிலை ஓடினது. ஒரு சின்னப் போத்திலிலை பெற்றோலைத் தூக்கிக் கட்டி, சேலைன் வயராலை கொஞ்சம் கொஞ்சமா விட்டு ஸ்ராட் எடுப்பினம். எஞ்சின் சூடாகினாப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாத்துவினம். எங்கடை ஒழுங்கையிலை இருந்த ஒரு மெக்கானிக் ஐயா காபறேற்றருக்கு முன்னாலை கையை வைச்சுக் காத்தைக் கூட்டிக் குறைச்சு, புகையின்ரை நிறத்தைப் பாத்தே கணக்குச் சொல்லுவார். பள்ளிக்கூடப் படிப்பு அவருக்கு அஞ்சாம் வகுப்பு. காத்துக்கும் எண்ணெய்க்கும் கணக்கு வேணும் எண்டு நான் முதல் படிச்சது அவரிட்டைத்தான். இதை மருமகனுக்குச் சொன்னன். "மண்ணெண்ணெயிலை காரோ?" எண்டு வாயைப் பிளந்தான். கன நாளைக்குப் பிறகு ஒரு ஊர்க்கதையை அவன் ரெலிபோனைப் பாக்காமல் கேட்டான்.

வெளியிலை ஊதுறதை கழட்டிறது எண்டு முடிவெடுத்தாச்சு. எந்த உள்வால்வை வாங்கிறது? இதுதான் உண்மையான கஷ்டம்.

ரெண்டு சாதி இருக்கு. ஒண்டு றப்பர்த் தகடு, மற்றது பிஸ்ரன். பொஷ் கொம்பனியின்ரை 0 280 142 110 எண்டுற கறுப்புப் பிளாஸ்ரிக் வால்வு றப்பர் சாதி. வேறை வேறை கொம்பனிக் கார்களிலை கொம்பனியே போட்டு விட்ட சாமான். பாரம் குறைவு, காலைக் கொஞ்சம் எடுத்தாலும் உடனை திறக்கும், ஒழுக்கு இல்லை, பராமரிப்பு இல்லை. றப்பர் சூட்டிலையும் எண்ணெய்ப் புகையிலையும் காலத்துக்குக் காலம் பழுதாகும், பூஸ்ற் கூடினால் கெதியாய்க் கிழியும். பிஸ்ரன் சாதிக்கு குளொஸ்ரரிலை இருக்கிற போர்ஜ் கொம்பனியின்ரை 007 நல்ல உதாரணம். அலுமினிய உடம்பு, கிழிய ஒண்டும் இல்லை, கூடின பூஸ்றுக்கு அசையாது, ஸ்பிறிங்கை மாத்தலாம். ஆனால் அதுக்குள்ளை றப்பர் வளையமும் கிறீசும் இருக்கு. இடைக்கிடை கழட்டித் துடைச்சுக் கிறீஸ் போடாட்டி இறுகும். இறுகின பிஸ்ரனை விடக் கிழியாத றப்பர் திறம்.

அடுத்தது ஸ்பிறிங். இதிலைதான் கனபேர் பிழை விடுகினம். "பூஸ்ற் கூட, அப்ப இறுக்கமான ஸ்பிறிங் போடு" எண்டு சொல்லுவினம். நானும் மருமகனும் ஒரு றெஸ்ரோறன்ற் பில் கொப்பியின்ரை பின்பக்கத்திலை கணக்குப் போட்டுப் பாத்தம். பிஸ்ரனின்ரை முகம் 28 மில்லிமீற்றர் எண்டு வையுங்கோ. பரப்பு 6.16 சதுர சென்ரிமீற்றர். 1.5 பார் அதைக் கீழை இருந்து தள்ளுற விசை ஒன்பதரைக் கிலோவுக்குக் கிட்ட. அப்ப ஒன்பதரைக் கிலோ ஸ்பிறிங் வேணுமோ? இல்லை. ஏனெண்டால் வால்வின்ரை தலைக்கு எஞ்சின் வாசலிலை இருந்து ஒரு சின்னக் குழாய் வருது. கதவு முழுக்கத் திறந்திருக்கேக்கை அந்த 1.5 பார் மேலை இருந்தும் அமத்தும். ரெண்டும் கிட்டத்தட்ட வெட்டுப்பட்டிடும். மிச்சத்தைப் பிடிக்க ஸ்பிறிங் போதும்.

காலை எடுத்தால் கதை மாறும். கதவுக்கு உள்பக்கம் வெற்றிடம், வளிமண்டலத்திலும் பாக்க 0.7 பார் குறைவு. கீழை 1.5 தள்ளுது, மேலை 0.7 இழுக்குது. சேர்த்து 2.2 பார், கிட்டத்தட்ட 14 கிலோ. நடுத்தர ஸ்பிறிங்கும் உடனை திறக்கும். கார் சும்மா நிண்டு ஓடேக்கை வெற்றிடம் மட்டும் இழுக்கிறது 4 கிலோ அளவிலை. அந்த 4 கிலோவைச் சுத்தித்தான் ஸ்பிறிங்கைத் தெரிய வேணும். அதைவிடக் கன இறுக்கமாப் போட்டால், காலை அரைவாசி எடுக்கிற நேரங்களிலை வால்வு திறக்காது, "ஸ்து து து" திரும்ப வரும். மரீ இளக்கமாப் போட்டால் காலை அரைவாசி குடுத்து ஓடேக்கை பூஸ்ற் ஒழுகும். ஆனால் உள்வால்வு கொஞ்சம் இளகி, நிண்டு ஓடேக்கை திறந்திருந்தாலும் பெரிய கேடில்லை, எண்ணின காத்து எண்ணின இடத்துக்குள்ளைதான் சுத்தும். வெளிவால்வு அப்பிடித் திறந்தால் தூசியோடை எண்ணாத காத்தை இழுக்கும்.

இந்தக் கணக்கிலை மற்றப் பாதியை, அந்த 'அரைவாசிக் கால்' கதையை, எனக்குச் சொன்னது மருமகன். நான் முழுத் திறப்பும் முழுச் சாத்தலும் எண்டுதான் யோசிச்சுக்கொண்டு இருந்தன். அவன் காரிலை லப்ரொப்பைக் கொழுவி ஓடி எடுத்த இலக்கங்களைக் கொண்டு வந்து, எந்த இடத்திலை எவ்வளவு அமுக்கம், எந்த இடத்திலை பெற்றோல் கூடுது எண்டு கோடு கீறிக் காட்டினான். நாலு பக்கம். கம்பஸிலை எனக்கு ஒரு செய்முறை அறிக்கை அப்பிடி வடிவா வந்ததில்லை.

மிச்சத்தைச் சுருக்கமாச் சொல்லுறன், காரோடை மினக்கெடுற ஆருக்கும் உதவும்.

வால்வை மாத்த முதல் குழாய்கள் எல்லாத்தையும் ஒழுக்குப் பாருங்கோ. பாதிப் பேர் வால்விலை பழி போடுறது ஒரு இளகின கிளிப்பாலை. வால்வின்ரை தலைக்கு வாற சின்னக் குழாய் காத்துக் கதவுக்குப் பிறகுதான் தொடங்க வேணும். கட்டையாய், தனியாய், வேறை ஒண்டுக்கும் பிரியாமல் வர வேணும். அது வெடிச்சிருந்தால் மேலை அமத்துறதுக்கு ஒண்டுமில்லை, எவ்வளவு விலையான வால்வும் பூஸ்றிலை திறந்திடும். வால்வின்ரை வாய் உங்கடை குழாயிலும் பாக்க ஒடுக்கமா இருக்கக் கூடாது. புகைக்குழாய்ச் சூட்டுக்குத் தள்ளி வையுங்கோ. பழைய றப்பர் வால்வு நல்லதோ எண்டு பாக்கக் காசு தேவையில்லை. கழட்டி, உள்ளை இருக்கிற தட்டை விரலாலை அமத்தி, மேல் முலையை மற்ற விரலாலை பொத்திக்கொண்டு அமத்தின விரலை எடுங்கோ. தட்டு அப்பிடியே நிண்டால் றப்பர் நல்லம். திரும்பி வந்தால் கிழிஞ்சிட்டுது.

கடைசியிலை என்ன வாங்கினது? நான் சொன்னது புது ஒறிஜினல் றப்பர் வால்வு. நாளாந்தம் வேலைக்கு ஓடுற கார், 1.5 பார், அதுக்கு அது போதும். விலையும் பிஸ்ரனின்ரை பாதி வராது. மருமகன் வாங்கினது பிஸ்ரன், நடுத்தர ஸ்பிறிங். "மாமா, நான் அடுத்த வருசம் பெரிய ரேர்போ போடப்போறன், 1.8 பார். ரெண்டு தரம் காசு குடுக்க ஏலாது. கிறீஸ் போடுறது என்ரை வேலை" எண்டான். நியாயமான பதில். பூட்டினாப் பிறகு கார் சந்தியிலை நிக்கேல்லை, புகையும் இல்லை. சத்தமும் இல்லை, கிட்ட இருந்து கேட்டால் ஒரு பெருமூச்சு மாதிரி. கூட்டாளிமார் பகிடி பண்ணினவையாம். அவன் அதைப் பெரிசா எடுக்கேல்லை.

அக்காவிட்டைப் போனன். நாலு பக்கத் தாளையும் மேசையிலை விரிச்சு, "இவன் படிப்பை விடேல்லை அக்கா. வகுப்பைத்தான் விட்டிருக்கிறான்" எண்டன். அக்கா தாளைப் பாத்தா, என்னைப் பாத்தா. "நான் உன்னை வால்வு பாக்கவே அனுப்பினனான்? கலியாண வீட்டிலை ஆரும் கேட்டால் இந்தத் தாளையே காட்டுறது?" எண்டா. அத்தான் மட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைக் கன நேரம் பாத்தார். ஒண்டும் சொல்லேல்லை. ஆனால் அண்டைக்கு இரவு மகனிட்டை "சாப்பிட்டியோ?" எண்டு கேட்டவராம்.

அக்காவின்ரை பயம் எனக்கு விளங்குது. குண்டுக்கும் செல்லுக்கும் தப்பி வந்த சனம் பிள்ளையளின்ரை பட்டத்தை ஒரு காப்புக்கயிறு மாதிரித்தான் பாக்குது. அதைப் பகிடி பண்ண எனக்கு வாய் வராது. ஆனால் எங்கடை சமூகத்திலை பாதிப் பட்டங்கள் வெளியிலை ஊதுறதுக்குத்தான் பாவிக்கப்படுது. மண்டபத்திலை சத்தம் கேக்கும், ஆக்கள் திரும்பிப் பாப்பினம், அதோடை சரி. எனக்குப் பாதை பூட்டினபடியாலை போன படிப்பு போனது. இவனுக்குப் பாதை திறந்து கிடக்குது. வேலை செய்துகொண்டே பகுதி நேரமாய் எச்.என்.சி படிக்கலாம், பேந்து விரும்பினால் பட்டத்துக்கும் ஏறலாம். ரெண்டு வருசம் கம்பஸிலை எண்ணின காத்தை றோட்டிலை விடாமல் திரும்ப உள்ளை விடு எண்டுதான் அவனுக்குச் சொன்னன். "யோசிக்கிறன் மாமா" எண்டிருக்கிறான். ஓம் எண்டும் சொல்லேல்லை, இல்லை எண்டும் சொல்லேல்லை.

பாப்பம். விண்ணப்பத்துக்கு இன்னும் நாள் இருக்கு.

பி.கு: இஞ்சை இங்கிலாந்திலை வால்வு மாத்தினாலும் புரோகிறாம் மாத்தினாலும் இன்சூரன்சுக்குக் கட்டாயம் அறிவியுங்கோ. சொல்லாமல் விட்டு அடிபட்டால் அவை கையை விரிக்கலாம். அதோடை சனத்துக்குக் கரைச்சல் குடுக்கிற மாதிரி ஓடினால் 2002 ஆம் ஆண்டுப் பொலிஸ் சீர்திருத்தச் சட்டத்தின்ரை 59 ஆம் பிரிவிலை காரைத் தூக்கிக்கொண்டு போகலாம். பிள்ளையளுக்குச் சொல்லி வையுங்கோ.